மேஜை போன்ற மேடு

மூன்றாவது முறையாகவும் கன்றுகள் காய்ந்துவிட்டன. நட்டவளுக்கு இந்தத் தடவை அழுகைகூட வரவில்லை, கொட்டாவிதான் வந்தது.

சுரங்கத்தை மூடி ஐந்து வருடம். தோண்டியெடுத்த மண்ணையெல்லாம் கொட்டி வைத்த மேட்டில் மரம் வளர்த்துக் காட்டினால்தான் நிலம் சீரானதாக ஒப்புக்கொள்வார்கள். அந்த வேலைக்கு மேஸ்திரி அவள். அவளுக்குக் கீழே பதினோரு பெண்கள், எல்லாருக்கும் அவள் நாற்றுக்காரக்கா. முதல் வருடம் மழை இல்லை என்றார்கள். அடுத்த வருடம் ஆடு மேய்ந்துவிட்டது என்றார்கள். இந்த வருடம் மழையும் பெய்தது, வேலியும் போட்டாயிற்று. மழையும் ஆடும் தப்பித்துக்கொண்ட பிறகு மிச்சம் இருந்தது இந்தப் பெண்கள்தானே.

"தண்ணி ஒழுங்கா ஊத்தலன்னுதான் எழுதணும்மா. நாளைக்குக் காலையில வந்து கையெழுத்துப் போட்டுடறேன். ஆளுங்கள மாத்திடுவாங்க" என்று சொல்லிவிட்டு ஆய்வதிகாரி ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

தோள் காய்த்துப் போகும்வரை குடம் சுமந்தவர்களைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? ஆத்திரத்தில் பக்கத்தில் இருந்த பட்ட கன்று ஒன்றைப் பிடித்து இழுத்தாள். சொன்ன பேச்சைக் கேட்பதுபோல் கையோடு வந்தது. வேர் ஒரு சாண் இறங்கியிருந்தது. அப்புறம் பக்கவாட்டில் திரும்பி, குழிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்திருந்தது. காவல்காரரிடம் கடப்பாரை வாங்கி வந்து குத்திப் பார்த்தாள். ணங் என்று கை அதிர்ந்தது. மூன்று வருடமும் குழி போட்டது இயந்திரம். அதனால் அடிமண் இப்படிக் கெட்டித்துக் கிடப்பது யார் கைக்கும் தெரியவில்லை.

யார் வேலை என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. 

அவள் கணவர் முப்பது வருடம் புல்டோசர் ஓட்டியவர். குலுங்கிக் குலுங்கியே முதுகெலும்பு தேய்ந்து, இப்போது இடுப்பில் பெல்ட் இல்லாமல் எழுந்திருக்க முடியாது. அந்த மேட்டைச் சமன் செய்ததுதான் அவருடைய கடைசி வேலை. வீட்டுக்கு யார் வந்தாலும், தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் வாசலுக்கு இழுத்துப் போய்க் காட்டுவார். "பாத்தீங்களா, மேஜை மாதிரி இருக்கா?" இல்லை என்று சொன்னவர் யாரும் இல்லை.

சாயங்காலம் அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். செய்தித்தாளின் மேல், தோலுக்குப் பக்கத்தில், அந்த வேரை வைத்தாள்.

"ஏன் இப்படிச் சுருண்டு கெடக்கு?"

"கீழ போக எடம் இல்லீங்க" என்றாள்.

அவர் வேரைக் கையில் எடுத்து நீட்டிப் பார்த்தார். ஒடிந்தது. மண்ணோடு புழங்கிய மனிதர், விளக்கம் தேவைப்படவில்லை.

"மேல்மண்ணப் பரப்பினப்போ எத்தன தடவ ஓட்டச் சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டு."

"நீங்க?"

"யாரு எண்ணினா? மேடும் பள்ளமுமா பாக்கவே சகிக்கல. கடைசி வேல, நாலு பேரு பாக்கற எடம்னு ஒரு மாசம் ஓட்டினேன்."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று வருடக் குடம், மூன்று வருட வெயில், எல்லாம் இந்த மனிதரின் அழகுக்காகவா! திட்ட வாயெடுத்தாள். அவர் மறுபடியும் வெங்காயத்தை எடுத்து, உரித்ததையே உரித்துக்கொண்டிருந்தார். அவளால் முடியவில்லை.

"அதிகாரிகிட்ட என்ன சொல்லப் போற?"

"மண்ணு கெட்டியா இருக்குன்னு மட்டும் சொல்றேன். யாரு ஓட்டினாங்கன்னு கேக்க மாட்டாங்க."

"கேக்கவே வேணாமே. ஊர் பூரா நான்தான சொல்லி வச்சிருக்கேன்" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

காலையில் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவரும் கிளம்பினார். மேடு ஏறுவதற்குள் நான்கு இடத்தில் நின்றார். பெண்கள் பேச்சை நிறுத்தி வழிவிட்டார்கள்.

"இவங்க தண்ணி ஊத்தினது சரிதான் சார். மண்ண இறுக்கினது நான். எழுதிக்குங்க."

அதிகாரி தானே கடப்பாரையைப் போட்டுப் பார்த்தார். எழுதியிருந்த வரியை அடித்தார். "இரும்புப் பல்லு வச்ச டோசர் வந்து முழுசையும் ஆழமாக் கிழிக்கணும். அப்புறம் நட்டா, இன்னும் மூணு வருஷம்" என்றார். பெண்களுக்கு உயிர் வந்தது. இன்னும் மூன்று வருடம் என்றதும் நாற்றுக்காரக்கா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த வாரம் இயந்திரம் வந்தது. கணவர் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை.

"புது டிரைவர்கிட்ட சொல்லு. சரிவுக்குக் குறுக்க கிழிக்கட்டும். கிழிச்சதும் பாக்க கண்றாவியா இருக்கும், அவனுக்குக் கை பரபரக்கும். சமன் பண்ணிட வேணாம்னு சொல்லு. நீ பக்கத்துலயே நில்லு."

அவள் நின்றாள். இரண்டு தடவை கத்தவும் வேண்டியிருந்தது. தலையெல்லாம் புழுதியோடு சாயங்காலம் வீடு திரும்பினாள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"அப்படியே விட்டுட்டாங்களா?"

"விட்டுட்டாங்க."

"பாக்க எப்படி இருக்கு?"

பொய் சொல்ல மனம் வந்தது, வாய் வரவில்லை. "ரொம்ப அசிங்கமா இருக்குங்க."

"நல்லது" என்றார் அவர். திரும்பிப் படுக்கவே இல்லை.