ஜேசுதாஸ் டிரைவர் நடக்கத் தொடங்கினார்

முப்பத்தொரு வருஷம் ஏற்காட்டுக்கும் செம்மநத்தத்துக்கும் பஸ் ஓட்டிய ஜேசுதாஸ், ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த ரோட்டில் முதன்முதலாக நடந்தார். சர்க்கரை கூடிவிட்டது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்றாம் நாளே ஒரு சுற்றுலாக் காரின் கண்ணாடி அவர் முழங்கையைத் தட்டிவிட்டுப் போனது. ஒதுங்க இடமில்லை. ஒரு பக்கம் தங்கும் விடுதியின் கம்பிவேலி, மறுபக்கம் பள்ளம்.

வேலியைப் பிடித்தபடி நின்றவருக்குப் பழைய காலைகள் கண்ணில் வந்தன. அப்போது இந்த ரோடே நடப்பவர்களுடையது. பனிக்குள் முதலில் குடைகள் தெரியும், அப்புறம்தான் ஆட்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் பள்ளிப் பிள்ளைகள், பலாப்பழம் கட்டிய சைக்கிளை மேட்டில் தள்ளிக்கொண்டு வரும் மாதையன், காப்பி பறிக்கப் போகும் பெண்களின் சிரிப்பு. எந்த வளைவில் யார் வருவார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். எவ்வளவு நல்ல காலைகள் அவை! அவர்களெல்லாம் எங்கே போனார்கள்?

அந்த மாதம் கிராம சபையில் எழுந்து கேட்டுவிட்டார். "நடக்கறவங்களுக்கும் சைக்கிளுக்கும் ரோட்டோரம் நாலடி எடம் உடுங்க."

பின்வரிசையிலிருந்து பாவாயி எழுந்தாள். எஸ்டேட்டில் காப்பி பறித்தே வயது ஐம்பதைத் தாண்டியவள்.

"ஏனுங்க டிரைவரண்ணா, அந்த நாலடியில இருந்து எங்களைத் தொரத்துனதே உங்க ஹாரன்தானுங்க. ஒருக்கா மழையில எம் புள்ளை யூனிபாரம் பூராவும் சேத்தை வாரியடிச்சுட்டுப் போனீங்க. அன்னிக்கு அவளுக்குப் பரீட்சைங்க. அழுதுக்கிட்டே ஊட்டுக்குத் திரும்பிட்டா."

ஜேசுதாஸுக்கு அந்த நாள் நினைவிலேயே இல்லை. தாண்டிப் போன பிறகு என்ன ஆனது என்று அவர் திரும்பிப் பார்த்ததுமில்லை.

"லேட்டாயிருமேன்னு ஓட்டிட்டேன் அம்மிணி. நொம்பத் தப்புதானுங்க" என்றார்.

பாவாயி மேட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். "செரி, உடுங்க. ரோட்டுக்கு மேலால எங்க பழைய தடம் ஒண்ணு கெடக்குது. உண்ணிச்செடி மூடிப் போச்சு. வெட்டுனா நடக்கலாமுங்க."

ஞாயிறு சர்ச் முடிந்ததும் ஜேசுதாஸ் அரிவாளோடு போனார். முதல் வாரம் நாலு பேர். ஐந்தாம் வாரம் இருபது பேர். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் விஜயகுமார் முதலாளியிடம் பேசி, தடத்தின் குறுக்கே பூட்டிக் கிடந்த எஸ்டேட் கேட்டைத் திறந்துவிட்டார். தடத்தில் குறுக்கிட்ட ஓடையின் மேல் பஞ்சாயத்து ஒரு கற்பலகை போட்டது. ரோட்டோர நாலடிக்கான மனு இன்னும் ஆபீஸில்தான் கிடக்கிறது.

இப்போது காலையில் தடத்தில் பிள்ளைகள் போகிறார்கள். சமதளமான இடத்தில் சைக்கிளும் ஓடுகிறது. சில நாள் பாவாயியும் கூட நடப்பாள். இந்தப் பாறையில் யார் சுமை இறக்குவார்கள், எந்த ஊற்றில் யார் தண்ணீர் குடிப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே வருவாள். பஸ் ஒரு வளைவைத் தாண்டும் நேரம் மட்டுமே கண்ட முகங்களுக்கெல்லாம் ஜேசுதாஸ் ஒவ்வொன்றாகப் பெயர் கேட்டுக்கொள்வார்.

"மெதுவா வாங்கண்ணா, இங்க வழுக்கும்" என்பாள் அவள்.