ராகேல் கண்டுபிடித்த தீனம்

"தீனக்காரியை எனக்க மொவன் தலையில கெட்டிவைக்கப் பாக்கியளோ?" ராகேல் போட்ட சத்தத்தில் சபை முற்றத்தை விட்டு ஒருவரும் நகரவில்லை.

"எனக்கா? என்ன தீனம், சொல்லும் மாமி!" ஞானபாயும் குரலைத் தாழ்த்தவில்லை.

"சூப்பர்சிலியஸ்! மிசியம்மா வாயாலேயே சொன்னாவளாம்."

மிசியம்மாள் இரணியல் பெண்கள் பள்ளியை மேற்பார்வையிடும் வெள்ளைக்காரி. ஞானபாய் அங்கே வாத்திச்சி. அம்மாள் அவளைப் பற்றி ஏதோ எரிச்சலில் சொன்னதை உபதேசியார் இஸ்ரவேல் பொருள் கேட்காமலே சுமந்து வந்து ராகேலிடம் இறக்கிவிட்டார். நோயின் பெயரே இத்தனை நீளமென்றால் தொற்றாமல் இருக்குமா? சாயங்காலத்துக்குள் அந்தத் தீனத்தில் செத்த உறவினர்கள்கூடச் சிலருக்கு நினைவுக்கு வந்துவிட்டார்கள்.

ராகேலின் மகன் டைட்டஸுக்கும் ஞானபாய்க்கும் இரண்டு ஞாயிறு சபையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிறும் யாரும் தடை சொல்லாவிட்டால்தான் கல்யாணம். ராகேலோ தடை சொல்லியே தீருவேன் என்று நிற்கிறாள். டைட்டஸை விட்டுத்தர ஞானபாய்க்கு மனசில்லை. அழுதுகொண்டு கிடக்கிற ரகமும் இல்லை. நேரே மிசியம்மாளின் பங்களாவுக்குப் போனாள்.

"அம்மா, அந்தச் சொல்லு எங்கயிருந்து வந்துதுண்ணு தெரியாம நான் இங்கயிருந்து எழும்பமாட்டேன்."

சிவந்த முகத்தோடு மிசியம்மாள் தடித்த அகராதியை விரித்தாள். லத்தீனில் 'சூப்பர்' என்றால் மேலே. 'சிலியம்' என்றால் இமை. இமைக்கு மேலே இருப்பது புருவம். புருவத்தை உயர்த்தி மற்றவரை இளக்காரமாகப் பார்ப்பவர் சூப்பர்சிலியஸ். அம்மாள் தமிழில் ஜெபித்தபோது ஞானபாயின் புருவம் அப்படி ஏறியதாம். ஏறாமல் என்ன செய்யும்? அம்மாளின் தமிழ் அந்த லட்சணம்.

மூன்றாம் ஞாயிறு, ராகேல் வாயைத் திறக்குமுன் ஞானபாய் எழுந்து சபைக்கு முன்னால் அத்தனையையும் சொல்லிவிட்டாள். மிசியம்மாளும் தலையாட்டினாள்.

"அப்பம் திமிரு பிடிச்சவளா? தீனமிண்ணா மருந்தாவது உண்டு மக்கா!" என்றாள் ராகேல். சொல்லும்போதே அவள் புருவம் முக்காட்டுக்குள் ஏறியதைச் சபையே பார்த்தது.

ஆண்கள் பக்கத்திலிருந்து டைட்டஸ் எழுந்தான். "ஒனக்கும் அந்தத் தீனம் உண்டும்மா. கூடவே கிடந்து நான் செத்தா போனேன்? ஓலையை வாசியும், உபதேசியாரே."

அடுத்த மாதமே கல்யாணம் முடிந்தது. டைட்டஸுக்குப் பேச்சிப்பாறை அணையில் வேலை கிடைத்து இருவரும் அங்கே குடிபோனார்கள். உபதேசியார் புதுக்கடைப் பக்கம் மாற்றலாகிப் போனார். ராகேல் மட்டும் மகன் வீட்டுக்கு இதுவரை போகவில்லை. அங்கே மலைக்காய்ச்சலாம், தொற்றுமாம்.