படத்தில் இல்லாத அலமாரி

கிட்ட வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. சத்தம் போட்டுச் சொன்னால் இந்தக் கதைக்கு ருசி போய்விடும். ஒரு ஆஸ்பத்திரியையே ஒற்றைத் தாளில் வரைந்துவிட்டு, ஒரே ஒரு அலமாரியை மட்டும் விட்டுவிட்டவளின் கதை சொல்கிறேன். தாராளமாகச் சிரிக்கலாம். அவளே சிரித்தவள்தான்.

அவள் அந்த ஆஸ்பத்திரியின் துணிக்கிடங்குப் பொறுப்பாளர். படுக்கை விரிப்பு, தலையணை உறை, போர்வை, டாக்டர்கள் போடும் பச்சை அங்கி, எதுவானாலும் அவள் கைப்பட எழுதினால்தான் சலவைக்குப் போகும், வார்டுக்கு வரும். இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. வராந்தாவின் அந்தக் கோடியில் அவள் கால் வைத்தால் இந்தக் கோடியில் சத்தம் கேட்கும். முகத்துக்கு நேரே எல்லாருக்கும் அவள் 'அக்கா'. முதுகுக்குப் பின்னால், "சாவியம்மா வருது, மூடு மூடு!"

ஐம்பத்திரண்டாவது வயதில் சாவியம்மாவுக்குப் படிப்பு ஆசை வந்தது. முட்டிவலி வருகிற வயசு. அதுவும் வந்தது, கூடவே இதுவும் வந்தது. வீட்டிலிருந்தபடியே தொலைதூரக் கல்வியில் முதுகலை. பாடத்தின் பெயர் சிஸ்டம்ஸ் திங்கிங். பேரைக் கேட்டு பயந்துவிடாதீங்க. எங்கேயாவது ஒரு கோளாறு என்றால், 'எவன் செஞ்சது?' என்று ஒருத்தரைப் பிடித்துத் திட்டாமல், யார் யாரை இழுக்கிறார்கள், எது எதைத் தள்ளுகிறது, நாம் செய்தது சுற்றிக்கொண்டு எப்படி நம்மிடமே வருகிறது என்று மொத்தத்தையும் பார்க்கிற படிப்பு. பார்த்ததைப் படமாகப் போட வேண்டும். ஆளுக்கொரு வட்டம், வட்டத்துக்கு வட்டம் அம்புக்குறி.

ஆறே மாதத்தில் அவள் வீட்டில் வட்டம் போடாத காகிதமே இல்லை. மளிகைச் சீட்டுக்குப் பின்னால் வட்டம், மின்சார பில்லுக்குப் பின்னால் வட்டம். அவள் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். கையில் ஸ்பேனரும் வாயில் கிண்டலும் இல்லாமல் இருக்கமாட்டார். ஒருநாள் சமையலறைக் குழாய் ஒழுகியது.

"ஏங்க, இதை வெறும் வாஷர் போனதாப் பாக்காதீங்க. இதுக்குள்ள ஒரு பின்னூட்டம் இருக்கு, நாம செஞ்சதே சுத்தி நம்மகிட்ட வருது."

"பின்னூட்டமோ முன்னூட்டமோ, அந்த டப்பாவுல இருந்து வாஷர் எடுத்துக் குடு. கால் நனையுது."

இப்படியே இரண்டரை வருஷம் ஓடி, கடைசியில் திட்டக்கட்டுரை வந்து நின்றது. நீங்களே சிக்கியிருக்கிற ஒரு குழப்பத்தை எடுத்துக்கொண்டு, மொத்தத்தையும் படமாக வரைந்து, விளக்கி எழுதுங்கள் என்றார்கள். அவளுக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. ஆஸ்பத்திரிக் கணக்கில் ஆயிரத்து நானூறு விரிப்புகள் இருக்கின்றன. ஆனால் காலையில் வார்டுகள் கேட்கும்போது எப்போதும் ஐந்நூறு குறையும். எங்கே போகின்றன? வார்டுகள் ஒளித்துவைக்கின்றன. ஏன் ஒளிக்கின்றன? நாளைக்குக் கிடைக்காதோ என்ற பயம். ஏன் கிடைப்பதில்லை? ஒளித்துவைக்கிறார்களே! இப்படியொரு வட்டம் கண்ணெதிரே சுற்றும்போது அவள் விடுவாளா?

மேஜை அளவுத் தாளில் வரைந்தாள். சலவை இயந்திரம், தள்ளுவண்டி, ஆபரேஷன் தியேட்டர், மழைநாளில் காயாத துணி, எதையும் விடவில்லை. ஐந்தாம் வார்டு ஆக்சிஜன் சிலிண்டருக்குப் பின்னால் ஒளித்தது, மூன்றாம் வார்டு உடைந்துபோன குளியல்தொட்டிக்குள் ஒளித்தது, எல்லாவற்றையும் உளவாளி மாதிரி கண்டுபிடித்து அம்புக்குறி போட்டாள். அனுப்பிவிட்டு, பேராசிரியர் இதைச் சட்டம் போட்டு மாட்டுவார் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

வந்தது நாற்பத்தொரு மார்க். ஐம்பது எடுத்தால்தான் தேர்ச்சி. கீழே பேராசிரியர் எழுதியிருந்தார்: "படம் நன்று. இதை எந்த மாடியில் நின்று பார்த்தீர்கள்? நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?" மூன்று வாரத்துக்குள் திருத்தி அனுப்பலாம். ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் போனால் இரண்டரை வருஷப் படிப்பும் போச்சு. கூடவே, அந்தக் குழப்பத்தில் இருக்கிற இன்னொருவர் அதை எப்படிப் பார்க்கிறார் என்று கேட்டு எழுத வேண்டும். வேலையிடத்து மேலாளர் படித்துக் கையெழுத்தும் போட வேண்டும்.

"நான் எங்கேயா? நான்தானே வரைஞ்சேன்!" என்று இரண்டு நாள் பொருமினாள். பிறகு படத்தின் மூலையில் சின்னதாக ஒரு பெண் உருவம் வரைந்து, இடுப்பில் சாவிக்கொத்து மாட்டிவிட்டாள். அம்புக்குறி எதுவும் அவள் பக்கம் போகவில்லை, அவளிடமிருந்தும் வரவில்லை.

வீட்டுக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "யாரு இது மூலையில, பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி?"

அவள் தாளைச் சுருட்டி வைத்தாள். மறுநாள் மூன்றாம் வார்டுக்குப் போனாள். அந்த வார்டு சிஸ்டரும் அவளும் ஒன்பது வருஷமாகத் துணிச் சண்டை போடுகிறவர்கள். சிஸ்டர் நின்றபடி தலையணை உறை மடித்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், ஒரு அஞ்சு நிமிஷம். இந்தத் துணிப் பிரச்சினை உங்க கண்ணுக்கு எப்படித் தெரியுது? படிப்புக்காகத்தான் கேக்கறேன், வேலைக்காக இல்ல."

"வேலைக்காகன்னா 'எல்லாம் நல்லா போகுதுக்கா'ம்பேன். படிப்புக்காகன்னா உண்மையைச் சொல்லணுமே. எது வேணும்?"

"உண்மையே சொல்லுங்க."

"என் குளியல்தொட்டியில நாப்பது விரிப்பு இருக்கு."

"தெரியும். படத்துலயே போட்டிருக்கேனே!" என்று பெருமையோடு தாளை விரித்தாள்.

சிஸ்டர் குனிந்து பார்த்தார். "அடேங்கப்பா, திருகு உடைஞ்ச குழாயைக்கூட விடல. சரிக்கா, உங்க ரூமுக்குப் பின்னால நிக்கிற இரும்பு அலமாரி எங்க?"

"எந்த அலமாரி?"

"எந்த அலமாரியா! உங்க கொத்துல பெருசா ஒண்ணு தொங்குதே, அது என்ன நகைக்கடைச் சாவியா?"

"அது... அவசரத்துக்குன்னு வெச்சது சிஸ்டர்."

"என்னுதும் அவசரத்துக்குத்தான்." சிஸ்டரின் கை மடிப்பதை நிறுத்தவில்லை. "அந்த அலமாரி நிறைஞ்சிருக்குன்னு சலவைக்காரர்ல இருந்து எல்லாருக்கும் தெரியும். எப்ப கேட்டாலும் 'இல்ல'ம்பீங்க. வெச்சுக்கிட்டே இல்லங்கிறவங்க கிட்ட, நாங்க எதை நம்பித் திருப்பிக் குடுப்போம்? உங்க மூணு சுற்றறிக்கையும் என் சுவத்துல ஒட்டியிருக்கு, பாருங்க."

பார்த்தாள். 'துணி பதுக்குவது நோயாளிக்குச் செய்யும் துரோகம்.' கீழே அவளுடைய கையெழுத்து, வாலை நீட்டிக்கொண்டு.

அலமாரிக்கு ஒரு காரணம் இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் பஸ் கவிழ்ந்து, ஒரே நேரத்தில் அறுபது பேரைக் கொண்டுவந்தார்கள். விரிப்பு தீர்ந்துபோனது. ஒரு பெரியவருக்கு ஜன்னல் திரையைக் கழற்றிப் போர்த்தினார்கள். அவர் அந்தப் பூப்போட்ட திரையைக் கழுத்துவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு நடுங்கினார். இனி இப்படி நடக்கவிடமாட்டேன் என்று அன்றைக்கு அவள் நாற்பது விரிப்பை எடுத்துப் பூட்டினாள். அப்புறம் மாதத்துக்கு இரண்டு, மூன்று, கை தானாகப் போய்விடும்.

கிடங்குக்குத் திரும்பி அலமாரியைத் திறந்தாள். மற்றதையெல்லாம் தினம் இரண்டு தடவை எண்ணுகிறவள் இதை மட்டும் எண்ணியதே கிடையாது. அன்றைக்கு எண்ணினாள். முந்நூற்று நாற்பத்தேழு. எல்லா வார்டுத் தொட்டியையும் சிலிண்டரையும் கவிழ்த்தாலும் இதில் பாதி தேறாது. அடித்தட்டில் இருந்தவை யார் உடம்பிலும் படாமலே மடிப்போடு மஞ்சளாகிக் கிடந்தன. குட்டி ஸ்டூலில் உட்கார்ந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடிப்பாவி, மழையையே படத்தில் பிடித்துப் போட்டாயே, முதுகுக்குப் பின்னால் இருக்கிற பீரோ தெரியவில்லையா உனக்கு? சிரிப்பு கொஞ்ச நேரத்தில் நின்றுபோனது. அந்தப் பெரியவர் ஞாபகம் வந்தது. இந்தப் பதினோரு வருஷத்தில் விரிப்பில்லாமல் வெறும் ரெக்சின் மெத்தையில் படுத்தவர்கள் எத்தனை பேரோ. அவர்களுக்காகப் போய் யாரும் திரையைக்கூடக் கழற்றியிருக்கமாட்டார்கள்.

அதற்காக உடனே திருந்திவிட்டாள் என்று நினைக்காதீங்க. முதலில், 'ஓர் அலமாரியில் கொஞ்சம் துணி இருப்பதாகத் தெரிகிறது' என்று எழுதிப் பார்த்தாள். துணி தானே நடந்துபோய்ப் படுத்துக்கொண்டது போல இருந்தது. காலைச் சாப்பாட்டில் வீட்டுக்காரரிடம் புலம்பினாள்.

"அலமாரியைப் போட்டா மேலாளர் முன்னால மானம் போகும். போடலன்னா படிப்பு போகும்."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "முப்பது வருஷமா லிப்ட்டுல மாட்டினவங்களை இறக்கிவிடறேன். வெளியில வந்ததும் எல்லாரும் என்ன சொல்வாங்க தெரியுமா? 'நிறைய பேர் ஏறிட்டாங்க.' 'நிறைய பேர் ஏறிட்டோம்'னு ஒருத்தர்கூட இதுவரைக்கும் சொல்லல."

அவள் தட்டைக் கழுவினாள், மேஜையைத் துடைத்தாள், புதுத் தாளை விரித்தாள். நடுவில் பெரிய அலமாரி. அதன் பக்கத்தில் அதே அளவுக்கு அவள். அம்புக்குறி எல்லாம் அவளிடமிருந்தே புறப்பட்டுப் போய், சுற்றி, அவளிடமே வந்து குத்தின.

மேலாளர் மெதுவாகப் படித்தார்.

"நடுவுல இருக்கிற இந்தப் பெரிய ஆள் யாரும்மா?"

"நான்தான் சார்."

"முந்நூத்தி நாப்பத்தேழா?"

"ஆமா சார். இன்னிக்கே எல்லா வார்டுக்கும் பிரிச்சுக் குடுத்துடறேன். நீங்க எந்த நடவடிக்கை எடுத்தாலும் சரி."

அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். கையெழுத்துப் போட்டார். பிறகு கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என் பீரோவுல ஒரு எட்டு விரிப்பு இருக்கும்மா. மத்தியானம் அந்த சோபா கொஞ்சம் குத்தும். அதை எடுத்துக்கிட்டுப் போயிடு. படத்துல மட்டும் போட்டுடாதே."

"சார், படத்துல உங்களுக்கு ஏற்கெனவே ஒரு வட்டம் இருக்கு. அம்புக்குறியைச் சின்னதாப் போட்டுக்கறேன்."

அன்றைக்கே அலமாரி காலியானது. உடனே எல்லாம் சரியாகிவிட்டதா? எங்கே! சாவியம்மாவே அள்ளிக் கொடுக்கிறாள் என்றால் ஏதோ பெரிய பஞ்சம் வரப்போகிறது என்று வார்டுகள் பயந்து, முன்னைவிட அதிகமாக ஒளித்துவைத்தன. ஐந்தாம் வார்டில் சிலிண்டரே தெரியவில்லை. அவள் அதையும் கட்டுரையில் எழுதி, கடைசி நாள் சாயந்திரம் அனுப்பிவைத்தாள்.

அடுத்த மாதம் ஒரு காலையில் மூன்றாம் வார்டு சிஸ்டர் தள்ளுவண்டியோடு வந்தார். "இருபது இருக்கு. மிச்சம் தொட்டியிலேயே இருக்கட்டும், உங்களை முழுசா நம்ப எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்." இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே எண்ணினார்கள்.

அந்த வாரமே முடிவு வந்தது. ஐம்பத்தெட்டு மார்க், தேர்ச்சி. பேராசிரியர் பாராட்டி இரண்டு வரி எழுதியிருப்பார் என்று தேடினாள். 'பதினாலாம் பக்கம், ஓர் அம்புக்குறி தலைகீழ்' என்று மட்டும் இருந்தது. வீட்டுக்காரருக்குச் சொல்லச் சமையலறைக்கு ஓடினாள். அவர் குழாயடியில் குனிந்திருந்தார்.

"பாஸ் பண்ணிட்டியா! சபாஷ்! சரி, டப்பாவுல ஒரு வாஷர்கூட இல்லையே, எங்க போச்சு?"

அவள் கொஞ்சம் தயங்கி, சாவிக்கொத்தை எடுத்தாள். மேல் அலமாரியைத் திறந்தாள். அங்கே ஒரு பெரிய பாட்டில் நிறைய வாஷர்.

"அவசரத்துக்குன்னு..." என்று ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

அவ்வளவுதான் கண்ணுங்களா. உங்க வீட்டில் படுக்கிறவர்களுக்கெல்லாம் வெளுத்த விரிப்பும் கதகதப்பான போர்வையும் கிடைக்கட்டும். உங்க அலமாரிகள் பூட்டாமலே நிறைந்திருக்கட்டும். குழாய் ஒழுகாத வீடாக, அப்படியே ஒழுகினாலும் சிரித்துக்கொண்டே சரிசெய்கிற வீடாக, பிள்ளைகுட்டிகளோடு நல்லா இருங்க.