கைமாத்துச் சோளம்

மஞ்சுளாவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. பத்து வருசம் கோழி ஷெட்டில் தீவன வாளி தூக்கியபோது வராத வலி, இந்த நாற்காலியில் உட்கார்ந்த ஆறு மாதத்தில் வந்துவிட்டது. மத்தியானச் சோறு போசியில் அப்படியே இருந்தது. கம்ப்யூட்டர் திரையில் சிவப்புப் பட்டை. "மக்காச்சோளம் இருப்பு இல்லை. தயாரிப்பு நிறுத்தப்பட்டது." எத்தனை தடவை தட்டினாலும் அதையே சொன்னது.

ஜன்னலுக்கு வெளியே, டிராக்டர் டிப்பரில், மூட்டை மூட்டையாக ஆறு டன் மக்காச்சோளம் நின்றது. கையை நீட்டினால் தொடலாம். கம்ப்யூட்டருக்கு மட்டும் அது தெரியவில்லை.

மோகனூர் ரோட்டில் இருக்கும் அந்தப் பண்ணையில் ஐம்பதாயிரம் முட்டைக்கோழி. முதலாளி அப்புசாமி. சோளம் ஏற்றி வந்த லாரி தாவணகெரே பக்கம் ஆக்சில் முறிந்து நின்றுவிட்டது. இந்த மாதிரி சமயத்தில் எப்போதும் செய்வதையே அப்புசாமி செய்தார். பக்கத்துப் பண்ணைத் தனபாலுக்குப் போன் போட்டார். தனபால் சோளம் அனுப்புவார். லாரி வந்ததும் அதே எடைச் சோளம் திரும்பிப் போகும். பில் இல்லை, ரேட் இல்லை. கைமாத்து.

தையில் சாஃப்ட்வேர் ஓட ஆரம்பித்ததிலிருந்து இதுதான் முதல் கைமாத்து. தீவன மில்லின் மிக்சரையும் அதனோடு கோர்த்துவிட்டிருந்தார்கள். இருப்பில் ஏறாத பொருளை மிக்சர் இறக்காது. திருட்டைத் தடுக்க அப்புசாமியே கேட்டுப் போட்ட பூட்டு அது. இருட்டுவதற்குள் தீவனம் அரைத்தாக வேண்டும். விடியற்காலை தொட்டி காலியாக இருந்தால் கோழி ஒன்றையொன்று கொத்தும். முட்டை குறையும். குறைந்த முட்டை பழையபடி ஏற வாரக்கணக்காகும்.

"என்ன அம்மிணி, இன்னும் தட்டிக்கிட்டே இருக்கறே?" அப்புசாமி உள்ளே வந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"பில் நம்பர் கேக்குதுங்க. ரேட் கேக்குது."

பின்னாலேயே தனபால் வந்தார், துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. "பில்லா? நான் என்ன சோள யாவாரியா? சோளத்துக்குச் சோளம் குடுக்கப் போறான், அதுக்கு எதுக்கு ரேட்டு? மச்சா, அந்தப் பொட்டியைத் தூக்கிக் கோழிக்குப் போடு, கொத்தித் தின்னுட்டுப் போகட்டும்."

அப்புசாமி சிரிக்கவில்லை.

சிரிக்க முடியாததற்குக் காரணம் மஞ்சுளாவுக்குத் தெரியும். புரட்டாசியில், சாஃப்ட்வேர் போட வந்த சேலத்துக்காரன் இனியன் எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டான். பண்ணைக்குள் பொருள் எந்தெந்த வழியில் வருகிறது, எந்தெந்த வழியில் போகிறது, ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றான். அன்று பார்த்து அப்புசாமியின் சம்பந்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "வாங்கறது, விக்கறது, அவ்வளவுதானுங்க. ஒருத்தர்கிட்டப் போயி கை நீட்டற பழக்கமே நம்ம பண்ணையில இல்லீங்க" என்றார் அப்புசாமி. இனியன் எழுதிக்கொண்டான். மில் ஓட்டும் ஆண்டி கூரையைப் பார்த்தான். மஞ்சுளா தன் கால்விரலைப் பார்த்தாள். சம்பந்தி தலையாட்டினார்.

"வேற வழியே இல்லியா?" என்றார் அப்புசாமி.

ஒரு வழி இருந்தது. மஞ்சுளா விருப்பமில்லாமல் அதைச் சொன்னாள். "கிடங்குல எண்ணிப் பாத்ததுல ஆறு டன் அதிகமா இருந்துச்சுன்னு போடலாமுங்க. அது என் பாஸ்வேர்டுலயே ஏறிக்கும்."

"அட, அதைப் போடு மொதல்ல! திருப்பிக் குடுக்கறப்போ ஆறு டன் கொறையுதுன்னு போட்டுக்க. முடிஞ்சுது."

"அந்தக் கொறைச்சல் யாரு பேருல நிக்குமுங்க?"

"உம் பேருலதான் நிக்கும். நீதானே ஸ்டாக்கு பாக்கறே."

மஞ்சுளா உட்கார்ந்திருந்த நாற்காலியில் ஒரு பழைய ஸ்பாஞ்சு மெத்தை இருந்தது. அது சின்னானுடையது. அவளுக்கு முன்னால் ஸ்டாக் பார்த்தவன் அவன். போன ஆவணியில், சாஃப்ட்வேருக்காக முதல் தடவை எல்லாவற்றையும் எண்ணியபோது சோயா புண்ணாக்கில் இரண்டு டன் குறைந்தது. சின்னான் சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன் என்றான். "சூடம் அணைச்சா சோயா வந்துருமாடா?" என்றார் அப்புசாமி. இரண்டு மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே அனுப்பினார். திருடன் என்று ஊரில் பெயர் பரவியது. வேறு எந்தப் பண்ணையும் அவனைச் சேர்க்கவில்லை. இப்போது பரமத்தி வேலூர் மண்டியில் வாழைத்தார் தூக்குகிறான். அவன் எடுத்துப் போகாமல் விட்டது அந்த மெத்தை மட்டும்தான்.

ஆறு டன். இரண்டு டன்னுக்கே அந்தக் கதி.

"நான் போட மாட்டேனுங்க."

"என்னது?"

"அடுத்த வாரம் நீங்க வெளியூர் போயிருப்பீங்க. ஆறு டன் எங்கேன்னு கணக்குப் பாக்கற உங்க பையன் கேட்டா நான் யாரைக் கையைக் காட்டறதுங்க?"

"நான் சொல்ல மாட்டனா அம்மிணி?"

மஞ்சுளா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இந்த வேலை போனால் மறுபடி வாளிதான். இந்த இடுப்போடு வாளி தூக்க முடியாது. அதுவும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

வாசலில் சுமைக்காரர்கள் பீடி பற்றவைத்தார்கள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஷெட்டுப் பக்கமிருந்து கோழிகளின் இரைச்சல் வந்தது.

"மச்சா, எறக்கறதா, திருப்பி ஓட்டறதா? டிரைவருக்கு ஊடு போகோணுமாமா" என்றார் தனபால்.

அப்புசாமி போனை எடுத்து இனியனை அழைத்தார். அவருக்குக் காதில் வைத்தால் சரியாகக் கேட்காது, எப்போதும் ஸ்பீக்கர்தான்.

"சொல்லுங்க சார்."

"தம்பி... கொஞ்சம் சோளம் வந்திருக்குது. அதை ஏத்தோணும்."

"வாங்கினதுங்களா?"

"வாங்கினதுன்னா... வாங்கலை. வந்திருக்குது."

"சும்மா எப்படிங்க சார் வரும்? யாராச்சும் குடுத்திருக்கணுமே."

தனபால் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புசாமி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். "கைமாத்துத் தம்பி. நாங்க கைமாத்து வாங்குவோம். குடுக்கவும் குடுப்போம். எப்பவும் நடக்கறதுதான்."

"இதைத்தானுங்க சார் அன்னிக்குக் கேட்டேன். எல்லாப் பண்ணையிலயும் உண்டு. சொல்லியிருந்தா அப்பவே ஒரு வழி வெச்சிருப்பேன். இருங்க, இங்கிருந்தே திறந்து விடறேன். ஒப்புதல் உங்க போனுக்கு வரும். நீங்கதான் அமுக்கணும், மஞ்சுளா அமுக்கக் கூடாது."

"இதைச் சொல்றதுக்கா மச்சா இவ்வளவு நேரம்? பொண்ணு கேக்கப் போனவனாட்ட முழிச்சியே!" என்றார் தனபால்.

திரையில் அம்பு தானாக நகர்ந்தது. புதிதாக ஒரு கட்டம் வந்தது. கடனாக வந்த பொருள், கொடுத்தவர் தனபால், திருப்பித் தர வேண்டியது ஆறு டன் சோளம். ரேட் கேட்கவில்லை. அப்புசாமி ஒற்றை விரலால் போனை அமுக்கினார். சிவப்புப் பட்டை போனது. ஆட்கள் பீடியைக் காலில் தேய்த்துவிட்டு எழுந்தார்கள். முதல் மூட்டைகள் மில் தொட்டியில் கொட்டப்பட்டதும் மிக்சர் உறுமி ஓட ஆரம்பித்தது. மஞ்சுளாவின் காலடியில் தரை அதிர்ந்தது. அப்போதுதான் தனக்குப் பசிப்பது அவளுக்கு உறைத்தது.

"சார், பழைய கைமாத்து ஏதாச்சும் நிக்குதுங்களா? கையோட ஏத்திடலாம்" என்றான் இனியன், இன்னும் ஸ்பீக்கரில்.

"ஒண்ணும் இல்லை தம்பி."

"ஏன் இல்லை?" என்றார் தனபால். "போன ஆடியில நான் வாங்கின சோயா நிக்குதே, ரெண்டு டன்! ஒரு ஞாயித்துக்கிழமை, நீ திருச்செங்கோட்டுக் கண்ணாலத்துல இருந்துக்கிட்டுப் போன்லயே சொன்னே. ஆண்டிதான் ஏத்தி உட்டான். நானும் மறந்துட்டேன், நீயும் கேக்கலை. எழுதிக்கப்பா தம்பி, நான் தரோணும்."

கதவருகே மூட்டை பிரித்த கயிறோடு நின்ற ஆண்டியை அப்புசாமி பார்த்தார். ஆண்டி தலையைக் குனிந்துகொண்டான். "நீங்க சொல்லித்தானுங்க ஏத்தினேன். உங்களுக்குத் தெரியாததான்னு இருந்துட்டேனுங்க."

"ஏத்தியாச்சுங்க சார்" என்றது போன். "தனபால் சார் தர வேண்டியது ரெண்டு டன் சோயா. வேற ஏதாச்சும் பாக்கி?"

அப்புசாமி போனை அணைக்கக் கையை நீட்டினார். அதற்குள் மஞ்சுளா மேசைக்குக் குனிந்து, போனைப் பார்த்தே பேசினாள்.

"இருக்குதுங்க. சின்னானுக்கு ரெண்டு மாசச் சம்பளம். இருபத்தெட்டாயிரம்."