பெண்ணாடத்தார் குரல்

பெண்ணாடம் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் பேசுவது, போன ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமையிலிருந்து விருத்தாசலத்தில் யாருக்கும் கேட்காமல் போயிற்று. வாய் அசையும், சத்தம் வராது. டீக்கடையில் பன்னைக் கையால் காட்டி வாங்கிக்கொண்டார்கள். ஊருக்கு அது சீக்கிரமே பழகிவிட்டது. பீங்கான் மண் விலை ஏறியதைப் பற்றித்தான் அந்த வாரம் அதிகம் பேசினார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெரிய கம்பெனிகளின் போன் ஆப்புகள் வெறுத்துப்போய், விருத்தாசலம் பீங்கான் பேட்டைத் தொழிலாளர்கள் எழுதிப் பேசிக்கொள்ளத் தங்களுக்கென்று ஒரு சர்வர் வைத்துக்கொண்டார்கள். பெண்ணாடத்துக் கரும்பு விவசாயிகளும் ஒன்று வைத்தார்கள், மங்கலம்பேட்டைக் கடைக்காரர்களும் ஒன்று. ஓர் ஊரில் எழுதியதை மற்ற ஊர்களிலும் படிக்கலாம், பதில் போடலாம். மொத்தத்துக்கும் முதலாளி கிடையாது, எந்த ஊர் எழுத்தை உள்ளே விடுவது என்று அவரவர் கதவுக்கு அவரவர் காவல். பேட்டையின் கதவு துர்காவிடம் இருந்தது. பொம்மைக்கு வர்ணம் பூசுகிறவள், கண்டிப்பானவள் என்று பெயர். பெண்ணாடத்து ஆள் ஒருவன் வர்ணம் பூசும் பெண்களைப் பற்றி அசிங்கமாக எழுதினான். பேட்டையின் பொதுச் சூளைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஈரம் காயாத பொம்மை ஒன்று இருந்தாலும் அது வெடித்துப் பக்கத்துச் சரக்கைக் கெடுக்கும் என்று, அந்தப் பட்டறையின் வண்டியையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். துர்கா மனுஷருக்கும் அதையே செய்தாள். அவன் ஒருவனை மட்டும் நிறுத்தாமல், அந்தச் செவ்வாய்க்கிழமை பெண்ணாடத்துக்கே கதவை அடைத்தாள். எல்லோரும் சபாஷ் என்றார்கள். அவளுக்கும் அது பிடித்திருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு அம்சவல்லி வந்தாள். பெண்ணாடத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போகும்வரை துர்காவின் பக்கத்திலேயே உட்கார்ந்து வர்ணம் பூசியவள். பட்டறை வாசலில் நின்று வெகுநேரம் பேசினாள், ஒரு சொல்லும் கேட்கவில்லை. கதவைத் திறக்க துர்காவுக்குப் போனில் ஒரு விரல் போதும். சிநேகிதிக்காக வளைந்துவிட்டாள் என்று பேட்டை பேசுமே என்று நினைத்தாள். "அப்பறம் பேசிக்கலாம், போயிட்டு வா அம்சா," என்றாள். அம்சவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மங்கலம்பேட்டைக் கதவு இரண்டு ஊருக்கும் திறந்தே இருந்தது. அங்கிருந்து ஜாடி வாங்க வந்த பூர்ணிமாதான் சொன்னாள். "அந்த ஆள பெண்ணாடத்து சர்வர்லேருந்து அன்னைக்கே தூக்கிட்டாங்களே. அம்சவல்லிதான் நின்னு சண்ட போட்டாங்க. அந்த ஆளு அவங்க வூட்டுக்காரரோட அண்ணனாச்சே. இப்ப வூட்டுல யாரும் அவங்ககிட்ட மொகம் குடுத்துப் பேசறதில்ல."

துர்கா வர்ணக் கையோடு அப்போதே கதவைத் திறந்தாள். சாயங்கால பஸ்ஸில் வந்தவர்களின் சளசளப்பு பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது. அம்சவல்லி பேசுவதும் ஊருக்கெல்லாம் கேட்கிறது, துர்காவுக்கு மட்டும் இன்றுவரை கேட்கவில்லை. யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. அம்சவல்லி திரும்பவும் வர்ணம் பூச வருகிறாள், பழையபடி பக்கத்திலேயே உட்காருகிறாள். போன வாரம் மதியம், "சாப்புட்டியா?" என்று கேட்டாள். துர்கா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மன்னிச்சிடு அம்சா," என்றாள். என்ன கேட்டாலும் அந்த ஒரு பதில்தான் வரும் என்று அம்சவல்லிக்குத் தெரியும். தூக்கைத் திறந்து, பாதிச் சோற்றை அவள் பக்கம் தள்ளினாள்.