அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்

கடலுயிர் ஆராய்ச்சித் துறையில் எல்லோரும் அவளை ஜெல்லி மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர், போகப் போக முகத்துக்கு நேராகவே வந்துவிட்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டு யாரிடம் போய்ச் சொல்ல? தரைத்தளத்தில் கடைசி அறை, அதில் அவள் ஒருத்தி.

அவள் ஆராய்ந்த உயிர்களும் அப்படித்தான். ஆழ்கடல் இருட்டில் மிதக்கிற, உடம்பு முழுக்கத் தண்ணீரும் கொஞ்சம் கூழுமான பிராணிகள். வலை போட்டால் வலையில் வருவது வெறும் சளி. மருந்து ஊற்றி பாட்டிலில் வைத்தால், கொஞ்ச நாளில் பாட்டிலில் மருந்து மட்டும் இருக்கும். பக்கத்து அறை மீன் ஆராய்ச்சிக்காரர் ஒரு செத்த மீனை வைத்துக்கொண்டே பத்து வருடம் ஓட்டிவிடுவார். இவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உயிரோடு இருக்கும்போது பார்த்தால்தான் உண்டு.

ஒன்பது வருடம் விண்ணப்பம் எழுதி எழுதிக் கை ஓய்ந்த பிறகு, போன வியாழக்கிழமை, ஆளில்லாத நீர்மூழ்கி ஒன்று எழுநூறு மீட்டர் ஆழத்திலிருந்து ஒன்றை முழுசாகக் கொண்டுவந்து சேர்த்தது. உள்ளங்கை நீளம்தான். மேலே எட்டு வரிசையாகப் பொடி மயிர்கள். விளக்கைக் காட்டினால் அவற்றில் ஏழு நிறமும் ஓடும். இந்த இனத்தைப் பற்றி இதுவரை யாரும் ஒரு வரிகூட எழுதியதில்லை. திங்கள்கிழமை காலை பத்து மணிக்குப் படமெடுக்கிறவர் தன் பெரிய கேமராவோடு வருவதாக ஏற்பாடு. பாட்டிலில் வைக்க முடியாத பிராணிக்கு அந்தப் படம்தான் அத்தாட்சி; செல்போனில் எடுத்தால் வெறும் தண்ணீர்தான் தெரியும். அதுவரை அது உயிரோடு இருந்தால் போதும். வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

வட்டத் தொட்டியில் குளிர்ந்த உப்புத்தண்ணீர் மெல்லச் சுழன்றுகொண்டே இருந்தது. சுவரில் முட்டினால் கிழிந்துவிடும். காற்றுக்குமிழி உள்ளே புகுந்தால் கிழிந்துவிடும். ஐந்து டிகிரிக்கு மேல் சூடேறினால் கரைந்துவிடும். இப்படியும் ஒரு பிறவி! மூன்று நாளாக நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கி வழிந்துகொண்டு அதைக் காத்தாள். பேச்சுத்துணையும் அதுதான். "ஏய், ஓரமா போகாதே. திங்கக்கிழமை உன்னைப் படம் எடுக்க ஆள் வருது" என்பாள். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஞாயிறு காலை அக்கா போன் செய்தாள். வேறொரு நாட்டில் இருக்கிற அக்கா.

"குளிச்சியாடி?"

"வியாழக்கிழமை குளிச்சேன்."

"கர்மம்! வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு ஒரு வாய் சாப்பிட்டுட்டு வா. அது எங்க எழுந்து ஓடிடப் போகுது?"

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. குளிர்விக்கும் இயந்திரத்தை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். குளித்தாள். ஆறிப்போன சோற்றைத் தின்றாள். பத்தே நிமிடம் என்று கட்டிலில் சாய்ந்தவள், அடித்துப் போட்டதுபோலத் தூங்கிவிட்டாள். கண் விழித்தபோது மணி நாலு. எழுப்ப அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தால், அறைக் கதவு திறந்து கிடந்தது. இயந்திரத்தின் அபாய மணி அலறிக்கொண்டிருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் காவலாளி. சட்டைக் கை இரண்டும் நனைந்திருந்தன. காலடியில் ஒரு வாளி ஐஸ்கட்டி.

"மேடம், மெஷின் நின்னுபோச்சு. தண்ணி சூடாகுதுன்னு கத்துச்சு. கேன்டீன்ல இருந்து அஞ்சு வாளி ஐஸ் கொண்டாந்து கொட்டிட்டேன். இப்போ ஜில்லுனு இருக்கு!"

அவள் எட்டிப் பார்த்தாள். குளிர்ந்துதான் இருந்தது. தொட்டியில் பிராணி இல்லை. நூல் நூலாக ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு துணுக்கில் மட்டும் இன்னும் அந்த மயிர்கள் துடித்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் நின்றது.

"அய்யோ, நல்ல தண்ணி ஐஸை யாராவது இதுல கொட்டுவாங்களா? உப்பு குறைஞ்சா அது உடைஞ்சிரும்! அந்த ஃப்ரீசர்ல உறைய வச்ச பாட்டில் ஆறு இருக்கே, மூடியோட அப்படியே உள்ளே விட்டிருந்தா போதுமே! யாரைக் கேட்டுக் கொட்டினீங்க?"

காவலாளியின் முகம் செத்துவிட்டது. சிவந்துபோன விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"கேக்கணும்னுதான் மேடம் பார்த்தேன். கதவுல அவசரத்துக்குன்னு நம்பர் ஒட்டியிருக்கே, அதுக்கு அடிச்சேன். முதல் நம்பருக்கு அடிச்சா, இதோ, இந்த மேஜை போன் உள்ளேயே அடிக்குது. சரி, ரெண்டாவது நம்பரைப் பார்ப்போம்னு அடிச்சேன். திரும்பவும் இதே போன்தான் அடிக்குது. நானும் எத்தனை தடவை அடிப்பேன்?"

அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கையெழுத்துதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதி ஒட்டியது. இரண்டு வரியிலும் மேஜை போனின் எண். எப்போதும் இங்கேயேதானே இருக்கிறோம் என்று நினைத்து எழுதியிருக்கிறாள். இரண்டாவது வரிக்கு வேறு ஆளை அன்றைக்கும் தேடவில்லை. ஐஸ் பாட்டில் விஷயத்தையும் ஒருவரிடமும் சொல்லவில்லை. இந்த மனுஷன்மேல் என்ன தப்பு? அவளுக்கு அழுகை வந்தது. கேவிக் கேவி அழுதாள். ஒன்பது வருடத்துக்கும் சேர்த்து அழுதாள்.

காவலாளி அலாரத்தை நிறுத்தினார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

"அடுத்த தடவைக்கு ஆகும். உங்க செல் நம்பரை எழுதிடுங்க மேடம்."

பழைய எண்களைக் கோடு போட்டு அடித்துவிட்டு, முதல் வரியில் தன் எண்ணை எழுதினாள்.

"ரெண்டாவது? இன்னைக்கு மாதிரி நீங்க அசந்து தூங்கிட்டா, பக்கத்துல இருந்து ஓடி வர்ற மாதிரி ஒருத்தர் வேணும்ல? என்னுதை எழுதலாம்னா, இங்கேயிருந்து அடிக்கப் போறதே நான்தானே."

அக்கா வந்து சேர ஒரு நாள் முழுக்க விமானத்தில் உட்கார வேண்டும். மீன் ஆராய்ச்சிக்காரரின் எண்ணை இத்தனை வருடத்தில் அவள் கேட்டதே இல்லை. வீட்டுக்கு எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றும் தெரியாது.

"இருங்க, யோசிச்சுச் சொல்றேன்."

"மெதுவா யோசிங்க மேடம், ஒண்ணும் அவசரமில்ல."

யோசித்தாள். வாளியில் மிச்சமிருந்த ஐஸ் கரைந்து தண்ணீரான பிறகும், பேனாவைப் பிடித்தபடி கதவுக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தாள்.