டாக்டர் சொன்னதில் பாதி

பத்ரிநாராயணனுக்கு எலக்ட்ரானிக்ஸ் ஃபாக்டரியில் பரிசோதனைப் பிரிவில் வேலை. மூன்று தடவை சோதித்துப் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் வெளியே விடமாட்டார் என்று பெயர். செகந்திராபாத் பக்கம் ஏ.எஸ்.ராவ் நகரில் வீடு கட்டிக் குடிபோன வருஷம், சிமெண்டுத் தூசியோ என்னவோ, மனைவி கல்பகத்தின் ஆஸ்துமா முற்றிவிட்டது. இன்ஹேலர் போதாமல் டாக்டர் ஜுலைகா தினமும் ஒரு ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூச்சு சீரானது, முகம்தான் உப்பிப்போயிற்று. கல்யாண வீடுகளில் யாராவது கேமராவைத் தூக்கினால் கல்பகம் மெல்ல எழுந்து சமையல் பக்கம் போய்விடுவாள்.

எண்பத்தாறாம் வருஷக் கோடையில் அவள் தம்பி சுந்தரேசன் அமெரிக்காவிலிருந்து வந்தான். இரண்டு பெரிய பாட்டில்களை மேஜைமேல் வைத்தான். ஒன்றில் வைட்டமின் சி, மற்றதில் ஈ.

"அங்கே எல்லாரும் இதைத்தான் சாப்பிடறா, அத்திம்பேர். உடம்புக்குள்ள துரு ஏறாம பாத்துக்குமாம். ஆஸ்துமாவுக்கும் நல்லதுன்னு ஒரு பத்திரிகையில போட்டிருந்தான்."

துரு என்ற வார்த்தை பத்ரிக்குப் பிடித்துவிட்டது. இருந்தாலும், மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில் பாட்டில்களோடு டாக்டரைப் பார்க்கப் போனார்.

ஜுலைகா லேபிளை நிதானமாகப் படித்தார். "இது ஆஸ்துமாவுக்குக் கேக்கும்னு யாரும் இன்னும் சரியா நிரூபிக்கலை சார். அளவா சாப்பிட்டா பெரிசா கெடுதல் இருக்காது. ஆனா இதை நம்பி அந்த மாத்திரையை மட்டும் நிறுத்திடக் கூடாது. திடீர்னு விட்டா உயிருக்கே ஆபத்து. அம்மாகிட்ட மறக்காம சொல்லிடுங்க."

அவர் வீடு திரும்பியபோது கல்பகம் வாசல் கேட்டருகிலேயே நின்றிருந்தாள். "என்ன சொன்னா?" என்றாள். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பெண்ணைப் போலிருந்தது முகம். அதைப் பார்த்ததும் அவருக்கு முழுவதையும் சொல்ல மனம் வரவில்லை.

"கெடுதல் இல்லையாம். சாப்பிடலாம்னுட்டா."

மீதியை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அந்த அப்புறம் வரவேயில்லை.

தீபாவளிக்குள் கல்பகத்தின் கன்னங்கள் வடிந்து பழைய முகம் திரும்பியிருந்தது. மகள் வேதாவை அழைத்துக்கொண்டு செகந்திராபாத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய், தானாகவே ஃபோட்டோ எடுத்துக்கொண்டு வந்தாள். மூச்சு எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கும்போதெல்லாம், "நன்னாதானே இருக்கேன்" என்பாள். பத்ரி சந்தோஷமாக இன்னும் இரண்டு பாட்டில் அனுப்பச் சொல்லி சுந்தரேசனுக்குக் கடிதம் போட்டார்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் போனார்கள். மிளகாய் மூட்டைகளைத் தாண்டும்போது கல்பகம் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மார்பு விம்மி விம்மித் தணிந்தது. இன்ஹேலரை நான்கு முறை அடித்தும் அடங்கவில்லை. ஆட்டோவில் அவளைச் சாய்த்துக்கொண்டு, "காலைல மாத்திரை போட்டுண்டியா?" என்று கேட்டார்.

"அதை நிறுத்தி... ரெண்டு மாசம் ஆச்சு. வைட்டமின்தான் இருக்கேன்னு..."

அதற்குமேல் அவளுக்குப் பேச மூச்சில்லை. பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில் அவள் உயிர் போய்விட்டது.

சேதி கேட்டு ஜுலைகா வந்தார். "நான் சொன்னதை அவங்ககிட்ட சொன்னீங்களா சார்?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"பாதி சொன்னேன்" என்றார் பத்ரி.

காரியத்துக்கு வந்த சுந்தரேசன், வைட்டமினை நம்பி அக்கா மாத்திரையை நிறுத்தியது தெரிந்ததிலிருந்து ஒரே பேச்சைத்தான் பேசினான். "நான்தான் கொண்டு வந்தேன். என் கையாலேயே அக்காவைக் கொன்னுட்டேன்." உறவினர்கள் அவனைத் தேற்றினார்கள். பத்ரி அதைக் கேட்டபடி மூலையில் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், எல்லாம் அவன்மேலேயே நின்றுவிடும் என்று ஒரு நாள் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அன்று அவர் சாப்பிடவில்லை.

பேகம்பேட்டை விமான நிலைய வாசலில், அவன் பெட்டியை எடுக்கக் குனிந்தபோது சொன்னார். "உன் மேல தப்பில்லை சுந்தரேசா. மாத்திரையை நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னா. நான் அவகிட்ட சொல்லலை."

சுந்தரேசன் அவரையே பார்த்தான். அழுகை நின்றுவிட்டது. பெட்டியை எடுத்துக்கொண்டு, வரேன் என்றுகூடச் சொல்லாமல் உள்ளே போனான்.

பக்கத்தில் நின்ற வேதாவுக்கு எல்லாம் கேட்டிருந்தது. தமிழ் நன்றாகப் புரியும். பதில்தான் எப்போதும் ஹிந்தியில் வரும்.

"கைக்கு நை போலே, டாடி?"

ஏன் சொல்லவில்லை என்று அவரே தன்னைக் கேட்டுக்கொண்டு பதினைந்து நாளாகியிருந்தது. "தெரியலைம்மா" என்றார்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது அவள் வழக்கம்போல அவர் தோளைப் பிடித்துக்கொள்ளவில்லை. பின்னாலிருந்த ஸ்டெப்னி டயரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பள்ளம் வந்த இடங்களில் பத்ரி வண்டியை மிக மெதுவாக ஓட்டினார்.